பாரசீகத் தலைக்கவசம்: போருக்கா, பார்வைக்கா?

நவம்பர் 4 – வந்த கேள்வி

"பாரசீகத் தலைக்கவசங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளியும் தங்கமும் இழைத்திருக்கிறார்கள், விளிம்பு முழுக்க எழுத்து ஓடுகிறது. இதைப் போட்டுக்கொண்டு யாரும் சண்டைக்குப் போயிருக்க மாட்டார்கள். ஒரு வாளடி பட்டால் வேலைப்பாடு மொத்தமும் உதிர்ந்துவிடுமே! ஊர்வலத்துக்குச் செய்த நகைகள் என்பதுதான் என் முடிவு. யாராவது மறுக்கிறீர்களா?"

நவம்பர் 4, இரவு

நான் மறுக்கிறேன். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு ஈரானிலும் காக்கசஸிலும் கிழக்கு அனத்தோலியாவிலும் புழங்கிய 'தலைப்பாகைக் கவசம்' ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆக் கொயுன்லு என்ற துருக்மேனியக் குலத்தாரும் காஸ்பியன் கடலோரத்து ஷிர்வான் அரசர்களும் ஆண்ட காலம் அது. கவசம் விளிம்பிலிருந்து எழும்பி, பானை வயிறு போலப் பருத்து, உச்சியில் கூம்பி நிற்கும். உடம்பு முழுக்க வரிவரியாக மடிப்பு. தலைப்பாகைத் துணியைச் சுற்றி வைத்தது போலவே இருப்பதால் அந்தப் பெயர்.

நான் தோஹாவில் ஏசி டக்ட் செய்யும் பட்டறையில் பதினோரு வருடமாகத் தகடு மடிப்பவன். டக்ட் தகட்டில் கிராஸ் பிரேக், அதாவது மூலைக்கு மூலை லேசான குறுக்கு மடிப்பு, போடாமல் விட்டால் காற்று ஓடும்போது தடதடவென்று அடிக்கும். மடிப்புப் போட்டால் அதே தகடு விறைத்து நிற்கும். கூரைத் தகரத்துக்கு அலை விடுவதும் இதற்காகத்தான். அந்தக் கவசத்தின் மடிப்பை நான் அழகு என்று மட்டும் பார்க்க முடியாது. மெல்லிய எஃகை வைத்துக்கொண்டு கனம் கூட்டாமல் பலம் கூட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், முகப்பைப் பாருங்கள். கண்ணுக்காக இரண்டு வளைவுகளை வெட்டி எடுத்திருக்கிறார்கள். நடுவில் மேலும் கீழும் நகரும் மூக்குத் தடுப்பு. விளிம்பைச் சுற்றி வரிசையாகக் கண்ணிகள். அவற்றிலிருந்துதான் இரும்பு வளையப் பின்னல் திரை தொங்கும். கழுத்து, கன்னம், வாய் எல்லாவற்றையும் அது மூடிவிடும். ஊர்வலம் போகிற பிரபு தன் முகத்தை மூடிக்கொண்டா போவான்?

நவம்பர் 5

நேற்று எழுத மறந்தது. இந்த வகைக் கவசங்களில் பலவற்றின் மேல் ஒரு சின்ன முத்திரை அடித்திருக்கும்: இரண்டு நேர்க்கோடுகளுக்கு நடுவே ஒரு கவட்டை. ஒட்டோமான் ஆயுதக் கிடங்கின் அடையாளம் அது. இஸ்தான்புல்லில் தோப்காப்பி அரண்மனையின் முதல் முற்றத்தில் இருக்கும் பழைய ஹாகியா ஐரீன் தேவாலயத்தைத்தான், 1453-க்குப் பிறகு ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். 1473-இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் ஒத்லுக்பெலியில் ஆக் கொயுன்லு அரசர் உசுன் ஹசனைத் தோற்கடித்தார். 1514 ஆகஸ்ட் 23-இல் சுல்தான் முதலாம் செலிம் சால்திரானில், ஈரானில் சஃபாவிய அரசை நிறுவிய ஷா இஸ்மாயிலைத் தோற்கடித்து அவர் தலைநகர் தப்ரீஸ் வரை போனார். அந்தப் படையெடுப்புகளில் அள்ளி வந்தவை இந்தக் கவசங்களில் கணிசமாக இருக்கும் என்பது பொதுவான கருத்து. களத்துக்கு வராத நகையாக இருந்திருந்தால் ஆயுதக் கிடங்கில் முத்திரை குத்தி அடுக்கியிருக்க மாட்டார்கள், கஜானாவில் வைத்திருப்பார்கள்.

நவம்பர் 8

நேற்று வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இங்கே கடற்கரையில் இருக்கும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். இதற்கு முன்னும் நாலைந்து முறை போயிருக்கிறேன், ஆனால் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை. தலைப்பாகைக் கவசத்துக்கு எதிரே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நின்றேன். காவலுக்கு நின்ற நேபாளித் தம்பி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிப் பார்த்ததை எழுதுகிறேன். வெள்ளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. மடிப்பின் மேட்டில் தேய்ந்து, அடியில் இருக்கும் எஃகு கருத்துத் தெரிகிறது. பள்ளத்தில் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. வெள்ளி போன இடத்தில் எஃகின் மேல் மயிரிழை போல, குறுக்கும் நெடுக்குமாக ஆயிரக்கணக்கான கீறல்கள். முதலில் துரு தின்ற தடம் என்று நினைத்தேன். பக்கவாட்டில் நகர்ந்து விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்தபோதுதான் கீறல்கள் ஒழுங்காக ஓடுவது தெரிந்தது. உளி பிடித்த கையின் வேலை அது. எழுத்தின் வளைவுக்கு வெளியிலும் கொஞ்ச தூரம் அந்தக் கீறல் போயிருக்கிறது. கொல்லன் எழுத்தை வைப்பதற்கு முன்பே அந்த இடம் முழுவதையும் கீறி வைத்திருக்கிறான்!

இதே காலத்து எஃகுப் போர் முகமூடி ஒன்றும் அங்கே இருக்கிறது. மீசை வரைக்கும் இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நவம்பர் 9

முதல் நாள் "இழைத்திருக்கிறார்கள்" என்று வாசகர் எழுதியதை நானும் அப்படியே விட்டுவிட்டேன். அது சரியில்லை. இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று பதிப்பு. எஃகில் உளியால் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் அடியை மேல்வாயைவிட அகலமாக்கி, அதற்குள் தங்கக் கம்பியையோ வெள்ளிக் கம்பியையோ அடித்து இறக்குவது. கம்பி பரந்து அடியில் சிக்கிக்கொள்ளும், வெளியே வராது. இன்னொன்று, மேற்பரப்பைக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் மெல்லிய கம்பியையோ தகட்டையோ வைத்து அடித்து ஒட்டவைப்பது. நான் பார்த்தது இந்த இரண்டாவது வேலைதான். வட இந்தியாவில் இதைக் கோஃப்த்காரி என்கிறார்கள். கோஃப்த் என்றால் பாரசீகத்தில் அடித்தது என்று பொருள். பசையும் கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. கீறலின் பற்கள்தான் வெள்ளியைக் கவ்விப் பிடித்திருக்கின்றன.

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் நாற்பது வருடம் தஞ்சாவூர் தட்டு செய்தவர். பித்தளைத் தட்டில் வெள்ளி உருவங்களை ஏற்றுகிற வேலை. நான் விவரித்து முடிப்பதற்குள்ளேயே, "தம்பி, வழுவழுப்பா இருந்தா எதுவும் நிக்காதுடா. சுவர்ல பூச்சு நிக்கணும்னா கொத்தி விடுறோம்ல, அதேதான்" என்றார். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய தப்ரீஸ் பக்கத்துக் கொல்லனுக்கும் கரந்தையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை. எனக்கு அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது.

நவம்பர் 12

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அந்த எஃகே நம் ஊரிலிருந்து போனதுதானே?"

ஆமாம், நம் பக்கத்து எஃகு பாரசீகத்துக்குப் போயிருக்கிறது. மூடிய மண் குகையில் (உலோகம் உருக்கும் சின்ன மண் கலத்துக்கும் குகை என்றுதான் பெயர்) இரும்பையும் கரியையும் வைத்து உருக்கி எடுக்கும் உருக்கு எஃகு தென்னிந்தியாவின் பெரிய ஏற்றுமதி. தமிழ்நாட்டில் மேல்சிறுவலூரில் அதற்கான குகைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பயணி தவெர்னியே, கோல்கொண்டா எஃகு பாரசீகம் போவதை எழுதியிருக்கிறார். 1820-களில் நிலவியலாளர் ஹென்றி வாய்ஸி தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் போனபோது, எஃகு வாங்க ஈரானின் இஸ்பஹானிலிருந்து வந்து தங்கியிருந்த வணிகர் ஒருவரைச் சந்தித்திருக்கிறார். இஸ்பஹானிலிருந்து கோனசமுத்திரம் வரைக்கும்! ஒரு கட்டி எஃகுக்காகக் கடலும் கரையும் தாண்டி வந்திருக்கிறார்கள். நல்ல உருக்கை அடித்து, மெருகேற்றி, அமிலத்தில் துடைத்தால் மேலே நீரோட்டம் போல வரிகள் எழும்பும். பாரசீகத்தில் அதை கௌஹர் என்பார்கள், மணி என்ற பொருளில். எஃகுக்கு அங்கே பூலாத் என்று பெயர்.

நவம்பர் 13

நேற்று எழுதியது ஒரு தகவலாகத் தப்பில்லை. ஆனால் படிக்கிறவர்கள் "பாரசீக எஃகு எல்லாமே நம்முடையது" என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் அப்படியே எடுத்துக்கொண்டு பெருமையோடு எழுதியும்விட்டார்கள். திருத்த வேண்டியது என் பொறுப்பு.

தென் ஈரானில் சாஹக் என்ற ஊரில் 11-ஆம் நூற்றாண்டு முதலே உருக்கு எஃகு செய்திருக்கிறார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வில் அந்த எஃகில் சுமார் 1 சதவீதம் குரோமியம் இருப்பது தெரிந்தது. தற்செயலாகக் கலந்தது இல்லை, குரோமியத் தாதுவைத் தெரிந்தே போட்டிருக்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பெரூனி எழுதி வைத்த செய்முறையிலும் அந்தப் பொருள் வருவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்றைக்கு துர்க்மெனிஸ்தானில் இருக்கும் மெர்வ் நகரில் அதற்கும் முந்தைய 9-ஆம் நூற்றாண்டு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கை இருந்தது, நமக்கும் கை இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீரோட்ட வரி தெரியும்படி செய்த கவசங்கள் பெரும்பாலும் தலைப்பாகைக் கவசத்துக்கு அடுத்த காலத்தவை. பிரிட்டிஷ் மியூசியத்தில் சஃபாவிய அரசர் ஷா அப்பாஸின் பெயர் தாங்கிய ஒன்று இருக்கிறது. ஹிஜ்ரி 1035, அதாவது 1625–26. தங்க எழுத்து மேலே ஓட, எஃகின் மேனி வெளியே தெரிகிறது. எஃகே அழகாக இருந்தால் அதை மூட மனம் வராது அல்லவா? தலைப்பாகைக் கவசத்தில் அப்படி இல்லை, வெள்ளி பரப்பில் பெரும்பகுதியை மூடிவிடுகிறது.

நவம்பர் 16

செய்து பார்த்தேன்.

பட்டறையில் கிடந்த ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் உள்ளங்கை அளவு வெட்டிக்கொண்டேன். அப்பா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய சின்ன உளியால் மூன்று திசையிலும் கீறினேன். முதல் திசை சுலபம். இரண்டாவதில் கை பழகிவிட்டது. மூன்றாவதில் உளி பழைய கீறலுக்குள்ளேயே விழுந்து விழுந்து இழுத்தது. ஒரு தீப்பெட்டி அளவுக்கு முடிக்க இரண்டு மணி நேரம். அப்புறம் எஃகு நீலம் ஏறும் வரை சூடாக்கி, மெல்லிய வெள்ளிக் கம்பியை வைத்து மழுங்கிய இரும்பால் அழுத்தி, சுத்தியலால் மெல்லத் தட்டினேன். ஒட்டியது. விரல் நகத்தால் நெம்பியதும் கையோடு வந்துவிட்டது.

கீறல் ஆழம் போதவில்லை. ஒவ்வொரு கீறலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிசிறு எழும்பி நிற்க வேண்டும் என்கிறார் அப்பா. அந்தப் பிசிறுதான் வெள்ளிக்குள் நுழையும் பல். நான் பிசிறை அசிங்கம் என்று தேய்த்து எடுத்துவிட்டேன்!

ஒரு முழுக் கவசத்தின் பரப்பை இப்படிக் கீற எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போனேன்.

நவம்பர் 20

சின்ன விஷயம். சஃபாவியர் காலத்திலிருந்து, பின்னால் ஈரானை ஆண்ட காஜார் மன்னர்கள் காலம் வரை வரும் அரைக்கோள வடிவக் கவசத்துக்கு, அதாவது உச்சியில் ஈட்டி முள்ளும் முன்னால் இரண்டு இறகுக் குழலும் வைத்ததற்கு, குலாஹ் கூத் என்று பெயர். கூத் என்றால் தலைக்கவசம். குலாஹ் என்றால் தொப்பி. நம் 'குல்லா' அங்கிருந்து வந்ததுதான். மழைக்குக் குழந்தைக்குப் போடுகிற குல்லாவும் இதுவும் ஒரே சொல்.

நவம்பர் 23

கேள்வி கேட்டவருக்கு நான் ஒரு நியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பழம்பொருள் கடையில் குலாஹ் கூத் ஒன்று வாங்கினேன். "முந்நூறு வருடம் பழசு, போரில் போட்டது" என்றார் கடைக்காரர். இரண்டு மாதச் சேமிப்பு போனது. கிண்ணம் முழுக்க சிங்கம், மான், அரசர் உருவம். கீழே வளையத் திரை. அறையில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன்.

இந்த மாதம் அருங்காட்சியகம் போய்வந்த பிறகு அதை இறக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வளையங்களின் இரண்டு முனையும் சும்மா ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. போருக்குச் செய்த பழைய பின்னலில் ஒவ்வொரு வளையத்தின் முனையையும் தட்டையாக்கி, ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி, துளை போட்டு ரிவெட் அடித்திருப்பார்கள். முட்டி நிற்கும் வளையம் ஈட்டி முனை நுழைந்தால் வாய் பிளந்துவிடும். என்னுடையதை இரண்டு விரலால் இழுத்தேன், ஒன்று திறந்துகொண்டது. உருவங்களிலும் உளித்தடம் இல்லை. அமிலம் அரித்த மொரமொரப்பு மட்டும் சீராக இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில், காஜார் ஆட்சியில், இப்படிப்பட்டவை நிறையச் செய்தார்கள். துப்பாக்கி வந்து, கவசம் களத்தை விட்டுப் போய்விட்ட காலம். அரண்மனை அணிவகுப்புக்கும், முஹர்ரம் மாத தஃஸியே நாடகங்களுக்கும், ஐரோப்பியப் பயணிகளுக்கு விற்பதற்கும் என்று செய்தவை. கொம்பு வைத்த பூத முகக் கவசங்களும் அந்த வரிசையில்தான் வரும். நீங்கள் பார்த்த படங்களில் பாதி இவையாக இருந்தால், உங்கள் முடிவு அந்தப் பாதிக்குச் சரி. முதல் நாள் நான் இந்தப் பிரிவினையைச் சொல்லாமல் மொத்தமாக மறுத்தது தப்பு.

என்னுடையது காஜார் காலத்துக்குக்கூடப் போகாது என்று நினைக்கிறேன். ஆணியில் மறுபடி மாட்டவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கோபம் கடைக்காரர் மேல்தான், யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்த அந்தப் பொருள் மேல் இல்லை.

நவம்பர் 24

"பூத முகம் என்றால் ருஸ்தம் கதையா?" என்று கேட்டவருக்கு: ஆமாம், திவ் எனப்படும் அந்தக் கதைப் பூதம்தான். பாரசீகக் காவியமான ஷாநாமாவின் ஓவியங்களில் அதன் வீரன் ருஸ்தம் தலையில் சிறுத்தைத் தலையைக் கவசமாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். கொம்புக் கவசம் அந்தக் கதைகளைத் தலையில் தூக்கி வைக்கிற ஆசை.

டிசம்பர் 2

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

இஸ்லாமிய ஆயுதங்களில் அடிக்கடி வரும் வரி குர்ஆனின் 61-ஆம் அத்தியாயம், 13-ஆம் வசனம்: இறைவனிடமிருந்து உதவி, அருகில் வெற்றி. சஃபாவியர் காலத்திலிருந்து அலியை உதவிக்கு அழைக்கும் நாதே அலி பிரார்த்தனையும் நிறைய வருகிறது. தலைப்பாகைக் கவசங்களில் சுல்தானுக்குரிய பட்டங்கள், வாழ்த்துகள் வரும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றில் ஆசையையும் அடக்கத்தையும் பற்றிய வரிகள் பொறித்திருக்கின்றன. வாளுக்கு எதிரே போகிறவன் தலையில் அடக்கம் சொல்லும் வரிகள்! அதை வைத்தும், தலைப்பாகைச் சுற்றுகளுக்கு மறைபொருள் உண்டு என்ற நம்பிக்கையை வைத்தும், இவற்றை அணிந்தவர்கள் போர்க்குணம் கொண்ட தர்வேஷ் (சூஃபித் துறவி) குழுக்களைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. ஷா இஸ்மாயிலின் தந்தை ஷேக் ஹைதர் தன் ஆட்களுக்குப் பன்னிரண்டு மடிப்புச் சிவப்புத் தொப்பி வகுத்துக் கொடுத்தார், பன்னிரண்டு இமாம்களுக்காக. கிசில்பாஷ், செந்தலையர் என்ற பெயரே அதனால் வந்தது. மடிப்பை எண்ணி அணிகிற உலகம் அது.

அதே செந்தலையரில் பலர், தங்கள் தலைவர் இஸ்மாயில் காப்பார் என்று கவசமே போடாமல் களத்துக்குப் போனதாக அக்காலத்து வெனிஸ் வணிகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். ஒருவன் எஃகே வேண்டாம், நம்பிக்கை போதும் என்று போகிறான். இன்னொருவன் எஃகின் மேல் நம்பிக்கையை எழுதிப் போட்டுக்கொண்டு போகிறான். இரண்டாமவனுக்கு அந்த வெள்ளி எழுத்து வெறும் அலங்காரமாக இருந்திருக்காது. மூக்குத் தடுப்பு ஒரு காவல், எழுத்து இன்னொரு காவல். "போருக்கா, பார்வைக்கா" என்று நாம் கோடு கிழிக்கிற இடத்தில் அவன் கிழிக்கவில்லை.

சில கவசங்களில் எழுத்து சிதைந்து, வாசிக்கவே முடியாத வெறும் கோடுகளாக இருப்பதும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத கொல்லன் முன்மாதிரியைப் பார்த்து அடித்ததாக இருக்கலாம். வாசிக்க முடியாத எழுத்தும் காவல்தான் என்று அணிந்தவன் நம்பியிருந்தால் எனக்கு அதில் வியப்பில்லை. நாமும் வாசித்துப் பார்க்காத மந்திரத் தகட்டைத் தாயத்தில் அடைத்துக் கட்டிக்கொண்டவர்கள்தானே.

டிசம்பர் 7

இரண்டாவது தகடு முடிந்தது. இந்த முறை பிசிறைத் தொடவில்லை. கீறி, சூடாக்கி, பன்னிரண்டு வெள்ளிக் கம்பிகளை நெருக்கமாகப் படுக்க வைத்து அடித்து, மறுபடி சூடாக்கி, அகேட் கல்லால் தேய்த்தேன். கம்பிகள் ஒன்றோடொன்று கூடி ஒரே பட்டையாகிவிட்டன. நகத்துக்கு வரவில்லை. கத்தி முனைக்கும் வரவில்லை.

கேள்வி கேட்டவரின் வாளடி மனதில் இருந்துகொண்டே இருந்ததால், தகட்டை மரக்கட்டையில் ஆணி அடித்து நிறுத்தி, சமையலறையில் எலும்பு வெட்டும் கத்தியால் ஓங்கி ஒரு போடு போட்டேன். எஃகில் நெல்மணி நீளத்துக்கு ஒரு வெட்டு விழுந்தது. வெள்ளிப் பட்டை அந்த இடத்தில் இரண்டாக அறுந்து, வாயோரம் மயிரளவு தூக்கிக்கொண்டது. கல்லால் இரண்டு தேய் தேய்த்ததும் படிந்துவிட்டது. வெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது, உதிரவில்லை.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "வெட்டு கோணலா விழுந்திருக்கு. இன்னொரு தடவை நேரா போட்டுப் பாரு" என்று பதில் வந்திருக்கிறது.